சனிக்கிழமை பெர்தட் கணவாய் போகலாமா? பனிச்சரிவு எச்சரிக்கை 3 என்கிறது

பனிப்புதியவன் | வியாழன், இரவு 8:40

வணக்கம். டென்வர் பக்கம் இருப்பவர்கள் யாராவது நாளைக்குள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அலுவலக நண்பர்கள் நான்கு பேர். மூன்று வருஷமாக ரிசார்ட்டில் ஸ்கீ செய்கிறோம். பிளாக் டயமண்ட் என்கிற கடினமான பாதைகளில் நால்வருமே விழாமல் இறங்குவோம் (சரி, ஒருவன் விழுவான்). பெரிய ரிசார்ட்டுகளில் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஐ-70 நெடுஞ்சாலையில் நெரிசல். அதனால் இந்த வருஷம் டூரிங் பைண்டிங் (குதிகாலைத் தூக்கி நடக்க விடும் பிடிப்பு), ஸ்கின் (ஏறும்போது வழுக்காமல் ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) எல்லாம் வாங்கிவிட்டோம். மலை ஏறி, ரிசார்ட்டுக்கு வெளியே இறங்குவதாகத் திட்டம். பீக்கன் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் ஆளுக்கொரு செட் இருக்கிறது.

செவ்வாயிலிருந்து பனி கொட்டுகிறது. நாளை மதியம் நின்றுவிடும். சனிக்கிழமை நீல வானம், காற்றும் இல்லை. கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையைப் பார்த்தேன். மர எல்லையை (அதற்கு மேல் மரம் வளராத உயரம்) ஒட்டியும் அதற்கு மேலும் 3, அதாவது 'கணிசமான' ஆபத்து. வடக்கு, கிழக்குப் பார்த்த சரிவுகளில் 'நீடித்த ஸ்லாப்' என்று போட்டிருக்கிறார்கள்.

நண்பன் சொல்கிறான்: "ஐந்துக்கு மூன்று என்றால் 60 மார்க்குடா, பாஸ்தானே." கேட்கும்போது சரி மாதிரியும் இருக்கிறது, வயிற்றைக் கலக்குவது மாதிரியும் இருக்கிறது. போகலாமா?

சாய்வுமானி | வியாழன், இரவு 9:25

முதலில் அந்த 60 மார்க் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். ஐந்து படி அளவுகோல்தான், ஆனால் படிகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பெரிது. மூன்றின் விளக்கத்தை வாசித்தீர்களா? தானாகச் சரிய வாய்ப்புண்டு, ஆள் ஏறினால் சரிய வாய்ப்பு அதிகம். நீங்கள் நான்கு ஆள்.

ஐந்து என்பது அபூர்வமாக வருவது. நான்கு போட்டால் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்றில்தான் பனியும் புதிதாக இருக்கும், வானமும் தெளிந்திருக்கும், ஆட்களும் கிளம்புவார்கள். சாவுகளில் பெரிய பங்கு அந்த மூன்றில்தான் விழுகிறது.

எண்ணைவிட எனக்குப் பயம் 'நீடித்த ஸ்லாப்' என்ற சொல்லைப் பார்த்து. இங்கே அக்டோபர், நவம்பரில் முதல் பனி விழும். ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டு அடி. அப்புறம் வாரக்கணக்கில் தெளிந்த வானமும் கடுங்குளிரும். தரை ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே இருக்கும், பனியின் மேற்பரப்பு இரவில் மைனஸ் 20க்குப் போகும். அவ்வளவு மெல்லிய போர்வைக்குள் இவ்வளவு வெப்ப வேறுபாடு. கீழிருந்து நீராவி ஏறி ஏறி, ஒன்றோடொன்று பிணைந்திருந்த துகள்களைத் தனித்தனிக் குருணையாக்கிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஓடும், உருண்டை பிடிக்க வராது. தரையை ஒட்டியது இன்னும் பெரிதாகி, கோடு கோடாக மினுங்கிக்கொண்டு, டைமன் கற்கண்டு மாதிரி இருக்கும். பார்க்க அத்தனை அழகு.

அதன்மேல்தான் செவ்வாயிலிருந்து காற்றோடு விழுந்த பனி ஒரே பலகையாக இறுகிக்கொண்டிருக்கிறது. சமையல் மேடையில் ரவையைப் பரப்பி, அதன்மேல் ஒரு கடப்பாக்கல்லை வைத்து, மேடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் என்ன ஆகும்? கல் மொத்தமாகக் கிளம்பும். ஸ்லாப் என்பது அதுதான். அந்த நேரத்தில் நீங்கள் கல்லின் நடுவில் நிற்பீர்கள்.

புதுப் பனிக்குள்ளேயே இருக்கும் பிரச்சினை புயல் நின்று ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடியில் இருக்கும் சர்க்கரை அப்படி அடங்காது. வாரக்கணக்கில், சில வருஷங்களில் மாதக்கணக்கில்கூட அப்படியே கிடக்கும். சனிக்கிழமை நீல வானம் உங்கள் போட்டோவுக்கு நல்லது, அவ்வளவுதான்.

மெதுவடை | வியாழன், இரவு 9:41

ஸ்கீ எனக்குத் தெரியாது. ஆனால் இந்த 'வடக்குப் பார்த்த' விஷயத்தில் நொந்து நூலானவன் நான். வடக்கு குபேர திசை என்று அம்மா போனில் அடம்பிடித்ததால், அரோராவில் வடக்குப் பார்த்த வீடாகத் தேடி வாங்கினோம். எதிர் வீட்டு டிரைவ்வே புயல் நின்ற மறுநாளே காய்ந்துவிடும். எங்கள் டிரைவ்வேயில் பிப்ரவரி வரை பனிக்கட்டி. போன மாதம் பால் கேனோடு வழுக்கி விழுந்தேன். குபேரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாய்வுமானி | வியாழன், இரவு 9:50

மெதுவடை சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதேதான். வடக்குச் சரிவில் குளிர்காலச் சூரியன் படாது. சர்க்கரைப் பனி அங்கே அப்படியே பாதுகாக்கப்படும். நம் பக்கம் பெரும்பாலும் மேற்குக் காற்று. முகட்டைத் தாண்டி வீசும்போது அந்தப் பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து கிழக்குச் சரிவுகளில் கொட்டும். வானத்திலிருந்து ஒரு அடி விழுந்த நாளில் அங்கே மூன்று அடி சேர்ந்திருக்கும். அறிக்கையில் வடக்கு, கிழக்கு இரண்டும் வந்தது இதனால்தான். பனி நன்றாக இருக்கும் இடங்களும் அவைதான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வடபழனி_வெய்ல் | வியாழன், இரவு 10:10

மன்னிக்கணும், இங்கே எப்போதுமே பயமுறுத்தல்தான். ஆறு வருஷத்தில் பெர்தட்டில் இருபது தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். அதில் பாதி நாள் எச்சரிக்கை மூன்றுதான். ஒன்றும் ஆனதில்லை. 1990களில் அது ரிசார்ட்டாகவே இருந்த இடம், சொல்லப்போனால். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் நிறுத்த இடம் கிடைக்காது, அவ்வளவு பேர் வருவார்கள். பத்துப் பேர் இறங்கிய தடத்தின் பக்கத்தில் நீங்களும் இறங்குங்கள். கருவி இருக்கிறது, இடைவெளி விட்டுப் போங்கள். வேறென்ன?

சாய்வுமானி | வியாழன், இரவு 10:38

வடபழனி சார், கோபம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மவுண்ட் ரோட்டை இருபது தடவை கடந்து வந்தவரிடம் கேட்டால் ரோட்டில் வண்டியே இல்லை என்பார். மலையும் அப்படித்தான் ஏமாற்றும். தப்பான முடிவு எடுத்தாலும் பெரும்பாலான நாள் ஒன்றும் நடக்காது, நாமும் அதை நம் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

ரிசார்ட்டாக இருந்தபோது நிலைமை வேறு. ரிசார்ட்டில் பனிக்காவலர்கள் விடியற்காலையில் வெடி வைத்துச் சரியவேண்டியதைச் சரித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். நவம்பரிலிருந்தே ஆயிரக்கணக்கானவர் ஸ்கீயால் மிதித்து மிதித்து அந்தச் சர்க்கரை அடுக்கு சேர்ந்திருக்கவே விடமாட்டார்கள். பெர்தட்டில் லிஃப்ட் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே வெடி வைப்பது நெடுஞ்சாலைத் துறை மட்டும்தான். அதுவும் 40ஆம் எண் சாலையில் வந்து விழக்கூடிய பாதைகளில், காருக்காக. நமக்காக யாரும் வைப்பதில்லை.

தடம் பற்றி: ஸ்லாப் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. தடித்த இடத்தில் உங்கள் எடை அடி வரைக்கும் இறங்காது. பாறையை ஒட்டியோ ஓரத்திலோ ஒரு மெல்லிய இடம் இருக்கும், அங்கே கால் வைத்தால் சர்க்கரை வரை அழுத்தம் போகும், மொத்தச் சரிவுக்கும் விரிசல் ஓடும். பத்துப் பேர் அந்த இடத்தைத் தொடாமல் போயிருக்கலாம். பதினோராவது ஆள் தொடுவார்.

இடைவெளி, கருவி என்றீர்களே. 2013 ஏப்ரல் 20, லவ்லேண்ட் கணவாய்க்குக் கீழே ஷீப் கிரீக். ஆறு பேர். எல்லோரிடமும் கருவி இருந்தது. பனிச்சரிவுப் பாதுகாப்பை ஒட்டிய ஒரு கூடுகைக்கு வந்தவர்கள் அவர்கள், விவரம் தெரியாதவர்கள் இல்லை. அன்றைய எச்சரிக்கையும் மூன்றுதான். வடக்குச் சரிவு ஆபத்து என்று வாசித்திருந்தார்கள், அதில் ஸ்கீ செய்யவும் போகவில்லை. அதன் அடிவாரத்தைக் கடந்து வேறு சரிவுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். ஐம்பது அடி இடைவெளி விட்டு, சிறு மரக்கூட்டம் ஒன்றைப் பத்திரமான இடம் என்று குறி வைத்து நடந்தார்கள். கீழே நடந்த அழுத்தத்திலேயே மேலே சரிவு உடைந்தது. உடைந்த விளிம்பு ஏறத்தாழ 800 அடி அகலம், சில இடத்தில் 12 அடி உயரம். ஆறு பேரும் புதைந்தார்கள். ஒருவர் மட்டும் பிழைத்தார், கை கொஞ்சம் அசைந்ததால் முகத்தருகே பனியை விலக்க முடிந்தது. அவரை வெளியே எடுக்கவே சில மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் புதைந்துவிட்டால் அந்த ஆறு ஷவலை யார் எடுப்பது?

1962இல் ட்வின் லேக்ஸில் ஏழு பேர் போனதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் அதுதான் மிக மோசமானது. அந்தக் குளிர்காலம் எனக்கு இங்கே இரண்டாவது. அடுத்த மாதமே பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன்.

தூன்_தம்பி | வெள்ளி, காலை 6:52

நான் சுவிஸில் தூன் நகரில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவன். இங்கே பள்ளிக்கூடமே பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகும், அதனால் சின்ன வயதில் இருந்தே சறுக்குகிறேன். அப்பா இப்பவும் நான் வெளிக்கிடும்போது "காதைப் பொத்திக்கொண்டு போ" என்பதோடு சரி. சளியைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

இங்கே டாவோஸில் இருக்கும் பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு ஒன்று, காலை 8 மணிக்கு ஒன்று என்று அறிக்கை விடும். அங்கேயும் அதே ஐந்து நிலைதான். ஆனால் 2022 டிசம்பரில் இருந்து எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல், சமன் குறி ஒன்றும் போடுகிறார்கள். ஒரே நிலைக்குள்ளேயே வித்தியாசம் பெரிது என்பதால்தான். '3 கழித்தல்' என்றால் இரண்டைத் தாண்டியது மட்டும், '3 கூட்டல்' என்றால் நான்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அது நல்லாய் உதவுகிறது.

நாங்கள் பாவிக்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வெர்னர் முண்டர் என்ற மலை வழிகாட்டி தந்தது. நிலை 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே. சரிவின் மிகச் செங்குத்தான இடத்தை அளக்கவேண்டும், சராசரியை இல்லை. சனிக்கிழமை உங்களுக்கு 35.

சாய்வுமானி | வெள்ளி, காலை 8:05

தம்பி, அந்தக் கணக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் அது ஆல்ப்ஸில் பிறந்தது. கொலராடோவில் அடியில் சர்க்கரை இருக்கும் வருஷத்தில் 35ஐ நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இங்கே 30. அதுவும் நிற்கும் இடம் 28ஆக இருந்தால் போதாது, தலைக்கு மேலே 38ஆக எதுவும் தொங்கக்கூடாது. ஷீப் கிரீக்கில் அவர்கள் நின்றது சமதளத்துக்குப் பக்கம்தான்.

தூன்_தம்பி | வெள்ளி, காலை 8:31

அது நியாயம் அக்கா. இங்கேயும் பழைய பனி பலவீனமாய் இருக்கிற வருஷம் அந்தக் கணக்கை நம்பிப் போனவர்கள் மாட்டுப்பட்டிருக்கிறார்கள். 2022–23 தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அந்தத் தையில் மூன்று கிழமை காட்டுக்குள்ளேயே சுற்றினேன்.

பனிப்புதியவன் | வெள்ளி, மதியம் 12:15

எல்லோருக்கும் நன்றி. சாய்வுமானி சார், ஒரு அடிப்படைக் கேள்வி. 30 டிகிரி, 38 டிகிரி என்கிறீர்கள். மலையில் நின்றுகொண்டு அது எத்தனை டிகிரி என்று எப்படித் தெரியும்? எனக்கு எல்லாமே செங்குத்தாகத்தான் தெரிகிறது.

சாய்வுமானி | வெள்ளி, மதியம் 12:40

சார் இல்லை, அக்கா. தூன் தம்பி கண்டுபிடித்துவிட்டார் பாருங்கள்.

இப்போது எழுந்து உங்கள் வீட்டு மாடிப்படியை ஒரு தடவை பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அமெரிக்க வீடுகளில் படி அதிகபட்சம் ஏழே முக்கால் அங்குல உயரம், குறைந்தது பத்து அங்குல அகலம். கணக்குப் போட்டால் சாய்வு ஏறத்தாழ 38 டிகிரி. ஸ்லாப் பனிச்சரிவுகள் அதிகமாகக் கிளம்புவது 30க்கும் 45க்கும் நடுவில், அதிலும் உச்சம் 38ஐ ஒட்டி. லாண்டரிக் கூடையோடு தினமும் ஏறி இறங்குகிறீர்களே, அதே சாய்வு.

வெளியே போகும்போது போனில் உள்ள சாய்வு அளக்கும் செயலி போதும். ஸ்கீ கோலைச் சரிவின்மேல் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே சாய்வுக்கு நிறம் தீட்டிய வரைபடத்தில் பாதையைப் போட்டுப் பார்த்துவிடலாம், சிவப்பாக இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டாம். வரைபடம் சின்னச் சின்ன மேடுகளை விழுங்கிவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். இருபது அடி உயர மேடு வரைபடத்தில் தெரியாது, ஆனால் ஒரு ஆளைப் புதைக்க அது போதும்.

பீக்கன் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நால்வரும் கடைசியாக எப்போது தேடிப் பழகினீர்கள்?

பனிப்புதியவன் | வெள்ளி, மதியம் 12:52

பழகவில்லை அக்கா. பெட்டியைப் பிரித்து ஆன் செய்து பார்த்தோம். பீப் சத்தம் வந்தது.

வாஷ்பார்க்_வாசு | வெள்ளி, மதியம் 1:20

வாசித்ததும் திக்கென்றது. போன வருஷம் நாங்களும் இதே மாதிரிதான்.

வகுப்பில் சேருமுன் ஒரு ஞாயிறு வாஷிங்டன் பார்க்கில் பழகிப் பார்த்தோம். இன்னொரு பீக்கனை ஒரு பழைய டப்பர்வேர் டப்பாவில் போட்டு, மனைவி அதை இலைக் குவியலுக்குள் ஒளித்துவைத்தாள். பனிகூட இல்லை, சமதளம், வெயில், டி-ஷர்ட். எனக்கு 11 நிமிடம் ஆயிற்று. அம்புக்குறி ஒரு பக்கம் காட்டும், நான் ஓடுவேன், தூரத்தைக் காட்டும் எண் ஏறும், திரும்பி ஓடுவேன். பக்கத்தில் நாயோடு வந்த ஒரு பெண்மணி "என்ன தொலைத்தீர்கள், நானும் தேடட்டுமா" என்று கேட்டார்.

11 நிமிடம் என்றால் என்ன அர்த்தம் என்று வகுப்பில் சொன்னார்கள். புதைந்தவரைக் கால் மணிக்குள் எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். சுவிஸ் தரவுகளை 2024இல் மறுபடி ஆராய்ந்ததில் அந்தக் கால் மணி 10 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இது மூச்சு முட்டிப் போகிறவர் கணக்கு. மரத்தில், பாறையில் அடிபட்டுப் போகிறவருக்குக் கடிகாரமே கிடையாது.

நான் பீக்கனைக் கண்டுபிடிக்கவே 11. அதற்குப் பிறகு ப்ரோப் குத்தவேண்டும், தோண்டவேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஆளை வெளியே எடுக்க ஒரு டன்னுக்கு மேல் அள்ளிப்போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். கொலராடோவில் மீட்புக் குழுவினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பணம் கேட்கமாட்டார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கூட இருப்பவன்தான் ஆம்புலன்ஸ்.

இப்போது எனக்கு மூன்று நிமிடம் ஆகிறது. நாற்பது தடவையாவது பழகியிருப்பேன்.

அப்புறம், போனைப் பீக்கனிலிருந்து தள்ளி வையுங்கள். சும்மா நடக்கும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி. சூடாக்கும் கையுறைக்கும் இதே விதிதான். எங்கள் குழுவில் ஒருவன் போனையும் பீக்கனையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு 'கருவி பழுது' என்று திருப்பிக் கொடுக்கப் போனான்.

மெதுவடை | வெள்ளி, மதியம் 1:34

காற்றுப்பை என்று ஒன்று விற்கிறார்களே, முதுகில் பலூன் மாதிரி? அதை வாங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமா?

வாஷ்பார்க்_வாசு | வெள்ளி, மதியம் 1:41

உதவும். உருண்டு வரும்போது பெரிய பொருள் மேலே மிதக்கும் என்பதுதான் தத்துவம், மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் வேர்க்கடலை மேலே வருகிற மாதிரி. ஆனால் கயிற்றை நீங்களே இழுக்கவேண்டும். பள்ளத்துக்குள் தள்ளிவிட்டாலோ மரத்தில் அடித்தாலோ பலூன் என்ன செய்யும்? சீட் பெல்ட் போட்டிருக்கிறோம் என்று யாரும் சுவரில் மோதுவதில்லையே.

சாய்வுமானி | வெள்ளி, மதியம் 2:10

புதியவன் தம்பி, இரண்டு விஷயம். பீக்கன் புதிதா, பழையதா? நான் முதலில் வாங்கியது ஒரு கடையில் பழசு. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. 'சோதித்துப் பார்த்தது' என்று ஸ்டிக்கர் வேறு. மூடியை இப்போதே திறந்து பாருங்கள். கையேட்டில் வேறு மாதிரி சொல்லாதவரை அல்கலைன் பேட்டரி மட்டும் போடுங்கள். மூன்று ஆன்டெனா உள்ளதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, சனிக்கிழமை போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மர எல்லைக்குக் கீழே, 20லிருந்து 25 டிகிரி, மேலே எதுவும் தொங்காத காட்டுச் சரிவு. முழங்கால் அளவு புதுப் பனி இருக்கும், வேகம் வராது, சிரிப்பு வரும். அதைச் செய்யுங்கள். இன்று மாலை 4:30 மணிக்கு நாளைய அறிக்கை வரும், நால்வரும் ஆளுக்கொரு தடவை வாசியுங்கள். ஒருவன் வாசித்து மூவருக்குச் சொல்வது வேண்டாம். நால்வரில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் திரும்புவது என்று காரில் ஏறும்முன் பேசிக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு யாருக்கும் வாய் வராது.

வகுப்பு மூன்று நாள், சில நூறு டாலர் ஆகும். டிக்கெட்டுக்கு மிச்சம் பிடித்த பணம்தானே.

வடபழனி_வெய்ல் | வெள்ளி, மாலை 5:03

நான் வழக்கமான இடத்துக்குத்தான் போகிறேன். வாகனத்தளத்தில் பார்த்தால் கை காட்டுங்கள், ஆரஞ்சு ஜாக்கெட்.

பனிப்புதியவன் | ஞாயிறு, காலை 10:20

போய் வந்தோம். நால்வரும் நலம். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வெள்ளி ராத்திரி அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் பீக்கன் தேடிப் பழகினோம். முதல் தடவை 14 நிமிடம். வாசு அண்ணாவைத் தோற்கடித்துவிட்டோம். நான்காவது தடவை ஆறு நிமிடத்துக்கு வந்தது. '60 மார்க்' நண்பனின் பீக்கன் தேடல் நிலைக்கு மாறவே மறுத்தது. பொத்தானைத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தான் என்று தெரிய இருபது நிமிடம்.

மாலை அறிக்கையிலும் மூன்றுதான். காலை ஏழரைக்கே வாகனத்தளத்தில் நாற்பது கார் இருக்கும். எதிரே மரமில்லாத பெரிய சரிவில் அதற்குள் ஐந்தாறு தடம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தடங்களைப் பார்த்த நொடி நீங்கள் எழுதிய எல்லாமே மறந்துபோயிற்று. அவ்வளவு வழவழவென்று இருந்தது. நண்பன் ஒன்றும் பேசவில்லை, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஸ்கின் ஒட்டினான். நானும் பேசவில்லை. எங்களில் சின்னவன்தான், எப்போதும் விழுகிறவன், "நான் காட்டுக்குள்ள போறேன், நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்றான். அக்கா சொன்ன விதி ஞாபகம் வந்தது. நால்வரும் காட்டுக்குள் திரும்பினோம்.

ஒன்றரை மணி நேரம் ஏறியிருப்போம். மரங்களுக்கு நடுவே மைதானம் மாதிரி ஒரு சமதளம். நான்தான் முன்னால். கால் வைத்ததும் காலுக்குக் கீழே 'வும்ப்' என்று ஒரு சத்தம். சத்தம் என்றும் சொல்ல முடியாது. மாடியில் யாரோ அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி உடம்புக்குள் கேட்டது. தரை ஒரு விரற்கடை இறங்கியது. முப்பது அடி தள்ளியிருந்த ஒரு சின்னத் தேவதாரு தானாக ஆடி, கிளையிலிருந்த பனியை உதிர்த்தது. காற்றே இல்லை. யாரும் அசையவில்லை. சமதளம் என்பதால் பனிக்குப் போக இடமில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இதுவே சரிவாக இருந்திருந்தால் என்று நால்வரும் ஒரே நேரத்தில் நினைத்திருப்போம், ஏனென்றால் நால்வருமே அண்ணாந்து பார்த்தோம்.

அடியில் பனி அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க அங்கேயே குழி தோண்டினோம். வீடியோவில் பார்த்த மாதிரி 90 செ.மீ. அகலம், முன்னிருந்து பின்னாக 30 செ.மீ. இருக்கும்படி ஒரு தூண் வெட்டி, ஒரு ஓரத்தில் ஷவலை வைத்துத் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து மூன்றாவது தட்டில் தூணின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கோடாக விரிந்து, இழுத்ததும் மேல்பாதி முழுசாக என் மடியில் வந்து விழுந்தது. கத்தியால் வெட்டின மாதிரி. கீழே கையை விட்டு அள்ளினேன். சர்க்கரையேதான் அக்கா. உருண்டை பிடிக்கப் பார்த்தேன், வரவில்லை.

அப்புறம் 22 டிகிரியில், போனை வைத்து அளந்து, மரத்துக்கு மரம் இறங்கினோம். மெதுவாகத்தான். '60 மார்க்' மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் "அந்தப் பெரிய சரிவு ஒன்றும் ஆகவில்லையே, தடம் பதினைந்துக்கு மேல் இருக்கே" என்று முனகிக்கொண்டே வந்தான். உண்மைதான், நாங்கள் கிளம்பும்வரை ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வாகனத்தளத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் யாரையும் பார்க்கவில்லை.

சாய்வுமானி | ஞாயிறு, காலை 10:55

சின்னவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்ட இடம், உயரம், எந்தத் திசை பார்த்தது, இதையெல்லாம் மையத்தின் தளத்தில் அவதானிப்பாகப் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. நாளைக்கு யாரோ ஒருவர் அதை வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

நண்பருக்குப் பதில் தேடவேண்டாம். ஏப்ரல், மே வரட்டும், ராத்திரி உறைந்து பகலில் இளகும் காலம். அப்போது அதிகாலை நாலு மணிக்கு எழுப்பி, அதே சரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறிப் பனி கூழாகுமுன் இறங்கிவிடவேண்டும். நாலு மணிக்கு அலாரம் வைக்கச் சொன்னால் எத்தனை ஆர்வம் மிச்சமிருக்கும் என்று பார்ப்போம்.

வடபழனி_வெய்ல் | ஞாயிறு, இரவு 9:15

நான் போகவில்லை. வெள்ளி ராத்திரி சும்மா ஒரு கை பார்ப்போம் என்று பெண்ணிடம் இன்னொரு பீக்கனைக் கொடுத்து வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னேன். ஒன்பது வயது. பார்பெக்யூ அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டாள். 17 நிமிடம். கடைசியில் அவளே காட்டிக்கொடுத்தாள். ஆறு வருஷமாக அந்தக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன்.

அடுத்த ஞாயிறு வாஷ் பார்க்கில் யாராவது பழகுகிறீர்களா?

வாஷ்பார்க்_வாசு | ஞாயிறு, இரவு 9:22

காலை ஒன்பது மணி, படகுத்துறை பக்கம். டப்பா நான் கொண்டுவருகிறேன். ப்ரோப் மட்டும் அவரவர் எடுத்து வாருங்கள், என்னுடையது போன வாரம் வளைந்துவிட்டது.

மெதுவடை | ஞாயிறு, இரவு 9:30

நானும் வரலாமா? ஸ்கீ இல்லை. இலைக் குவியலுக்குள் படுத்துக்கொள்கிறேன், தேடுங்கள். டிரைவ்வேயில் பழக்கம்தான்.